கவளமும் மூச்சும்

தமிழில் 'உயிர்த்தல்' என்னும் சொல்லுக்கு மூச்சுவிடுதல் என்பதும் பொருள்; உயிர்வாழ்தல் என்பதும் பொருள். பெருமூச்சை நம் முன்னோர் 'நெட்டுயிர்ப்பு' என்றனர். ஆண்டவர் சாவை வென்று எழுந்ததையும் நாம் 'உயிர்ப்பு' என்றே கொண்டாடுகிறோம். மூச்சையும் வாழ்வையும் ஒரே சொல்லால் வழங்கும் இம்மொழி, உணவையும் உறவையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 'சாப்பிட்டாயிற்றா?' என்பதே நம் இல்லங்களில் நலம் உசாவும் முதற்கேள்வி. பகை கொண்ட வீட்டில் கை நனைப்பதில்லை என்பதும், உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்வதில்லை என்பதும் இன்றும் நம்மிடையே வாழும் வழக்கங்கள்.

ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது சித்தர் மரபின் கணக்கு. அவற்றுள் ஒன்றையேனும் நாம் எண்ணிப் பார்த்து விடுவதில்லை. உண்ணும் ஒவ்வொரு கவளமும் எவ்வாறு உள்ளே இறங்குகிறது என்றும் சிந்திப்பதில்லை. ஆனால் கழுத்தில் தண்டுவடம் பழுதுபட்டவர்களுக்கு இவ்விரண்டும் எண்ணிச் செய்யவேண்டிய செயல்களாகிவிடுகின்றன. பலருக்கு இவை பிறருடைய கையால் நடைபெற வேண்டியவையாகவும் ஆகிவிடுகின்றன. இங்கு ஓர் அறக்கேள்வி எழுகிறது. ஒருவருடைய மூச்சும் உணவும் நம் கையில் இருக்கும்போது அவருக்கு நாம் செய்யக் கடமைப்பட்டிருப்பது என்ன? அவர்மீது நமக்குள்ள உரிமை எவ்வளவு?

ஒரு வழியில் இரு பயணம்

கேள்விக்கு விடை காணுமுன் உடலின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. நம் தொண்டை, உணவும் காற்றும் சந்திக்கும் நாற்சந்தி போன்றது. நாம் விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு தானாகவே நின்றுவிடுகிறது, குரல்வளை மேலெழுகிறது, அதன் மூடி சாய்ந்து காற்றின் வழியை அடைக்கிறது, உணவு பின்புறமுள்ள குழாயில் இறங்குகிறது, பின்னர் மூச்சு மீள்கிறது. ஒன்று வழிவிட, மற்றொன்று செல்கிறது. எப்போதாவது முறை தவறினால் புரையேறுகிறது. இருமல் வந்து காக்கிறது. 'யாரோ நினைக்கிறார்கள்' என்று சொல்லித் தலையில் தட்டுவதோடு நாம் அதை மறந்துவிடுகிறோம்.

மூச்சை இழுக்கும் தலையாய தசை உதரவிதானம். அதை இயக்கும் நரம்பு, கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் கூறுகளிலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலே தண்டுவடம் முற்றிலும் அறுபட்டால் மனிதன் தானாக மூச்சுவிட இயலாது. செயற்கைச் சுவாசக் கருவி வேண்டும். அதற்குக் கீழே பழுது ஏற்பட்டால் மூச்சு இருக்கும். ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலற்றுப் போகும். அத்தசைகளே இருமலுக்கு வலுத் தருபவை. இருமவேண்டும் என்ற உணர்வு வரும். ஏனெனில் அவ்வுணர்வைத் தாங்கிச் செல்லும் நரம்பு தண்டுவடத்தின் வழியே செல்லாமல் நேரே மூளையைச் சேர்கிறது. உணர்வு இருந்தும் உந்தித் தள்ளும் ஆற்றல் இல்லை. இதுவே அவர்களுடைய துன்பம்.

விழுங்கும் தசைகளை ஆளும் நரம்புகளும் பெரும்பாலும் மூளையிலிருந்து நேரே வருபவைதாம். அப்படியிருந்தும் கழுத்தில் அடிபட்டவர்கள் பலருக்கு விழுங்குவது கடினமாகிறது. கழுத்து அசையாதபடி கட்டப்பட்டிருக்கலாம். முறிந்த எலும்பைச் சீராக்கக் கழுத்தின் முன்புறமாக அறுவை செய்திருக்கலாம். மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தியிருக்கலாம். மல்லாந்து படுத்தபடியே உண்ண நேரலாம். சிலருக்கு உணவோ உமிழ்நீரோ ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கிவிடும், இருமல்கூட எச்சரிக்காது. பின்பு காய்ச்சல் வரும், நிமோனியா வரும். தண்டுவடம் பழுதுபட்டோர் உயிரிழப்பதற்கான முதன்மைக் காரணங்களுள் நுரையீரல் நோய்கள் இன்றும் இடம்பெறுகின்றன.

இங்கே நம் சிந்தனைக்குரிய செய்தி ஒன்று உண்டு. கழுத்துத் தண்டுவடம் பழுதுபட்டவர் பலருக்கு, மூச்சு வருவது படுத்திருக்கும்போது எளிது. நிமிர்ந்து அமர்ந்தால் கடினம். வலுவிழந்த வயிறு முன்னே சரிவதால் உதரவிதானம் தன் பிடிமானத்தை இழக்கிறது. உணவு இறங்குவதற்கோ நிமிர்ந்து அமர்ந்திருப்பதே பாதுகாப்பு. மூச்சு 'படு' என்கிறது. உணவு 'எழு' என்கிறது. ஒரே உடலில் இரு நன்மைகள் எதிரெதிராக நிற்கின்றன. மருத்துவர்கள் வயிற்றைச் சுற்றி அகன்ற பட்டை ஒன்றைக் கட்டி அமரச் செய்கிறார்கள். இரண்டிற்கும் ஓரளவு வழி பிறக்கிறது. நாம் எழுப்பிய அறக்கேள்வியும் இத்தகையதே. உயிரைக் காப்பது ஒரு நன்மை. அவ்வுயிருக்கு உரியவரின் விருப்பத்தை மதிப்பது மற்றொரு நன்மை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவிடுவது எளிது. இரண்டையும் தாங்கும் பட்டை எது என்று தேடுவதே கடினம்.

கைகள் தந்த மூச்சு

பண்டைய எகிப்தியரின் மருத்துவ ஏடு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. 3,500 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. கழுத்தெலும்பு இடம் பெயர்ந்து கைகால் உணர்விழந்தவரைப் பற்றிப் பேசும்போது, இது மருத்துவம் செய்யத்தகாத நோய் என்று அது தீர்ப்புரைக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அத்தீர்ப்பு பெரிதும் மாறவில்லை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய பின்னரே, இவர்களும் நெடுநாள் வாழ இயலும் என்பதை உலகம் ஏற்கத் தொடங்கிற்று.

மூச்சின் வரலாற்றில் 1952-ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவிற்று. அது தண்டுவடத்தின் நரம்பு அணுக்களைத் தாக்கும் நோய். மூச்சும் விழுங்கலும் ஒருசேர நின்று பலர் மடிந்தனர். பியோன் இப்சன் என்னும் மருத்துவரின் யோசனைப்படி, நோயாளியின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, ரப்பர்ப் பை ஒன்றைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்தினார்கள். போதிய கருவிகள் இல்லை. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில், முன்பின் அறியாத மனிதர்களுக்காகக் கைகளால் மூச்சுவிட்டார்கள். சாவின் விழுக்காடு வெகுவாகக் குறைந்தது. இன்று தீவிர மருத்துவப் பிரிவுகளில் ஓடும் சுவாசக் கருவிகளின் மூலத்தைத் தேடிச் சென்றால், இந்த மாணவர்களின் கைகளையே காண்போம்.

துன்புறுவோர் வெறுமனே பெற்றுக்கொள்பவர்கள் என்று எண்ணிவிடலாகாது. வாதத்தால் மூச்சிழந்த சிலர் நாவாலும் தொண்டைத் தசைகளாலும் காற்றை மிடறு மிடறாக விழுங்கி நுரையீரலுக்குள் செலுத்தினர். 1951-இல் கிளாரன்ஸ் டெய்ல் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை விவரித்து எழுதினார். 'தவளை மூச்சு' என்று அழைக்கப்படும் இப்பயிற்சி, பின்னர்த் தண்டுவடம் பழுதுபட்டோருக்கும் கற்பிக்கப்பட்டது. விழுங்கும் உறுப்பு மூச்சுக்குக் கடன் கொடுக்கிறது! கழுத்துக் குழாயோடு வாழ்பவர்கள் பேசுவதற்கு உதவும் ஒருவழி வால்வை உருவாக்கியவரும் ஒரு நோயாளியே. தசைச் சிதைவு நோயால் சுவாசக் கருவியோடு வாழ்ந்த டேவிட் மியூர் என்னும் அமெரிக்க இளைஞர் 1980-களில் அதை வடிவமைத்தார். அவ்வால்வு பலருக்குக் குரலைத் திருப்பித் தந்தது. சிலருக்கு விழுங்குவதையும் எளிதாக்கிற்று.

கைவிடும் சோதனை

பிறர் கையில் மூச்சை ஒப்படைத்தவரின் முன் நமக்கு நேரும் முதற்சோதனை, கைவிடுதல். 'இப்படி வாழ்வதைவிடப் போய்ச் சேர்ந்தால் நிம்மதி' என்று கட்டிலருகே நின்று சொல்லும் உறவினரை நாம் அறிவோம். அவர்கள் கொடியவர்கள் அல்லர்; தாங்கள் அஞ்சும் வாழ்வைப் பிறர்மீது ஏற்றிப் பார்க்கிறார்கள்.

1978-இல் வெளிவந்த சூப்பர்மேன் திரைப்படத்தில் வானில் பறந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், 1995 மே 27 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் குதிரையேற்றப் போட்டியில் தலைகுப்புற விழுந்தார். கழுத்தின் முதலிரு எலும்புகள் முறிந்தன. கைகால் அசைவும் மூச்சும் போயின. தம் நிலையை அறிந்தபோது, தம்மைப் போகவிடுவதே நலமோ என்று மனைவி டேனாவிடம் அவர் கேட்டார். முடிவு உம்முடையது, ஆனால் நீர் நீராகவே இருக்கிறீர், நான் உம்மோடு இருப்பேன் என்ற பொருள்பட அவர் விடையளித்ததாக, 1998-இல் வெளிவந்த தம் வரலாற்றில் ரீவ் எழுதியிருக்கிறார். அதன்பின் அவர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பயிற்சியால் கருவியின்றிச் சிறிது நேரம் மூச்சுவிடக் கற்றார். 2003-இல் உதரவிதானத்தைத் தூண்டும் மின்கம்பிகள் பொருத்தப்பட்டபோது மூக்கின் வழியே காற்று சென்றது. பல ஆண்டுகளுக்குப் பின் காப்பியின் மணத்தை முகர்ந்தார். 2004 அக்டோபர் 10 அன்று காலமானார்.

டேனாவின் விடையில் இரு பகுதிகள் உள்ளன. 'முடிவு உம்முடையது' என்பது மட்டும் சொல்லப்பட்டிருந்தால் அது நாகரிகமான கைவிடுதலாக முடிந்திருக்கும். 'நான் உம்மோடு இருப்பேன்' என்பது மட்டும் சொல்லப்பட்டிருந்தால் அது அன்பின் பெயரால் வந்த கட்டளையாகியிருக்கும். இரண்டும் சேர்ந்தபோதுதான் அந்த மனிதர் உரிமையோடும் துணையோடும் தேர்ந்துகொள்ள முடிந்தது. செல்வரான அவருக்குக் கிடைத்த மருத்துவம் ஏழைக்கு எங்கே கிடைக்கும் என்று நாம் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவ்விடையைச் சொல்வதற்குச் செல்வம் தேவையில்லை.

சுவாசக் கருவி பரவத் தொடங்கிய அக்காலத்திலேயே, 1957 நவம்பர் 24 அன்று, திருத்தந்தை 12-ஆம் பயஸ் மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இக்கேள்வியை எதிர்கொண்டார். தனக்கோ பிறருக்கோ கடுஞ்சுமையாகாத வழக்கமான வழிகளைக் கையாளவே மனிதன் பொதுவாகக் கடமைப்பட்டவன் என்றார். நோயாளியின் வெளிப்படையான அல்லது உள்ளார்ந்த இசைவின்றி மருத்துவருக்குத் தனித்ததோர் உரிமை இல்லை என்றும் தெளிவுபடுத்தினார். இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கூர்ந்து காண வேண்டும். ஒரு சிகிச்சை முறை சுமையாகலாம். அதனை வேண்டாம் எனலாம். ஒரு மனிதர் சுமை என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. உயிரைப் போக்கும் நோக்கோடு செய்யும் செயலுக்கும் இடமில்லை. 'இக்கருவி இவருக்குத் தாங்கவொண்ணாததா?' என்பது நேர்மையான கேள்வி. 'இவர் நமக்குத் தாங்கவொண்ணாதவரா?' என்பதை அக்கேள்வியின் போர்வையில் கேட்பது நேர்மையன்று.

உடைமையாக்கும் சோதனை

இரண்டாம் சோதனை நுட்பமானது. நல்லவர்களையே அது தேடி வருகிறது. ஓர் இல்லத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். பனையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்த மகன். தானே மூச்சுவிடுகிறான், இருமல் வலுவற்றது. இருமுறை நிமோனியா வந்து பிழைத்தவன். தாய் அவனுக்குக் குழைத்த கஞ்சியன்றி வேறெதுவும் தருவதில்லை. கிறிஸ்து பிறப்பு நாளில் அடுப்படியிலிருந்து கறிக்குழம்பு மணக்கிறது. எல்லாரோடும் அமர்ந்து அதில் ஒரு வாய் வேண்டும் என்கிறான் மகன். தாய் மறுக்கிறாள். அவள் அழுதுகொண்டே மறுக்கிறாள்.

தாய் தவறு செய்கிறாள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. அவள் அஞ்சுவது உண்மையான ஆபத்து. ஆயினும் மகனின் பக்கம் நின்று ஒன்று கேட்போம். அவன் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்துப் பனை ஏறியவன். அன்று அவன் துணிவை உழைப்பு என்று போற்றினோம். அவன் கொணர்ந்த பதநீரைக் குடித்தோம். இன்று ஒரு கவளத்தில் அவன் காட்டும் துணிவை அடம் என்று ஏசுவது முறையா? கால்கள் செயலிழந்ததால் அவனுடைய முடிவெடுக்கும் உரிமையும் செயலிழந்துவிட்டதா?

அவன் கேட்பது எது என்பதைத்தான் முதலில் கேட்டறிய வேண்டும். சுவையா? எல்லாரோடும் ஒரே நேரத்தில் அமர்வதா? தன் சொல்லுக்கு வீட்டில் இன்னும் மதிப்புண்டா என்பதா? விழுங்கும் திறனைச் சோதித்தறியும் மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் இன்று இருக்கிறார்கள். எந்தப் பதத்தில் உணவு இறங்கும், எவ்வளவு சிறிய கவளம், எந்த நிலையில் அமர்வது என்று அவர்கள் காட்டுவார்கள். தண்ணீரைப் போல் நீர்த்தவை விரைந்தோடி மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். சற்றுக் கெட்டியானவை பலருக்கு எளிதாகும். ஒரு வாய் விழுங்கி முடித்தபின் அடுத்த வாய் தர வேண்டும். இவை அனைத்தும் ஒன்றைக் கேட்கின்றன: நேரம். பல வேளைகளில் 'வேண்டாம், ஆபத்து' என்று நாம் சொல்வதன் அடியில், 'அவ்வளவு நேரம் என்னிடம் இல்லை' என்பது ஒளிந்திருக்கிறது.

எல்லாம் செய்தபின்னும் ஓரளவு ஆபத்து எஞ்சி நிற்கலாம். அதை அறிந்து ஏற்பவன் மகனே. ஆனால் அவனும் தாய்க்குக் கடன்பட்டவன். அவள் கையால் ஊட்டிய கவளத்தில் அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால், எஞ்சிய வாழ்நாளெல்லாம் அவள் அதைச் சுமப்பாள். ஆகவே மருத்துவர் முன்னிலையில், வீட்டார் அறிய, 'இது என் முடிவு. என் தாயின்மேல் பழியில்லை' என்று அவன் சொல்லி வைக்க வேண்டும். உரிமை அவனுடையதானால் பொறுப்பும் அவனுடையதே. இவ்வாறு இருவரும் ஒருவரையொருவர் காக்கும்போதுதான் நாம் தேடிய அந்தப் பட்டை கிடைக்கிறது.

இருமலுக்கு உதவுவோர் இதை நன்கறிவர். வலுவற்றவர் இருமும் அந்தக் கணத்தில் அவருடைய விலாவின் கீழே கைகளை வைத்து உள்நோக்கி மேலே அழுத்த வேண்டும். முந்தினால் பயனில்லை, பிந்தினாலும் பயனில்லை. அவர் மூச்சை இழுக்கும்வரை காத்திருந்து, அவருடைய குறிப்பறிந்து, அவருடைய முயற்சியோடு நம் வலுவைச் சேர்க்க வேண்டும். இருமுபவர் அவரே, நாம் அவருடைய இருமலுக்குக் கை கொடுப்பவர்கள் மட்டுமே. உதவி என்னும் அறத்திற்கு இதனினும் தெளிவான இலக்கணம் வேறில்லை என்றே நாம் கருதுகிறோம்.

நினைப்பவர் யார்?

இப்பணி பெரும்பாலும் ஒரு மனைவியின்மேல் அல்லது தாயின்மேல் விழுகிறது. இரவில் சளி அடைக்கும்போது எழுபவள் அவள். தன் தூக்கத்தையும் உடல்நலத்தையும் இழப்பவள் அவள். அவளைத் தியாகச் சுடர் என்று புகழ்ந்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது அநீதி. கோபன்ஹேகனில் ஒரு கை சோர்ந்தபோது அடுத்த கை வந்தது. அதனால்தான் மூச்சு நிற்கவில்லை. நம் பங்கிலும் அன்பியங்களிலும் அடுத்த கை எங்கே? வாரத்தில் ஒரு மாலை அமர்ந்து ஊட்டுவதற்கும், இருமலுக்கு உதவும் முறையைக் கற்றுக்கொள்வதற்கும் நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்?

நம் மண்ணில் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 1954-இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்திற்கு அடித்தளமிட்டார். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் இழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உதவி பெறுபவர் என்று உலகம் ஒதுக்கியவர்கள் பல்லாயிரம் பேருக்கு உதவியளித்தனர்.

திருச்சபையின் வழிபாட்டு நெறியிலும் இதற்கொரு பாடம் உண்டு. நற்கருணையின் மிகச் சிறு துணுக்கிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். அப்பத்தை விழுங்க இயலாத நோயாளருக்கு இரசத்தின் வடிவில் மட்டும் வழங்கவும் இடமுண்டு. ஆனால் எவருக்குத் துணுக்கு ஏற்றது, எவருக்குச் சில துளிகள் ஏற்றவை என்பதை அவரிடமும், அவருக்கு நாள்தோறும் ஊட்டுபவரிடமும் கேட்டே அறிய வேண்டும். 'அவரால் விழுங்க முடியாது' என்று நாமே முடிவு செய்து கட்டிலைக் கடந்து போய்விடுவது, பந்தியில் ஒருவரை எழுப்பிவிடுவதற்கு ஒப்பாகும்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்கிறது நம் வழக்கு. நமக்கு அது விளையாட்டுப் பேச்சு. இருமக்கூட வலுவில்லாதவருக்கோ, நினைப்பவர் ஒருவர் அருகில் இருப்பதே உயிருக்குக் காவல். அந்த ஒருவராக நாம் அமரும்போது மூன்றைக் கொண்டு செல்வோம்: அவசரமில்லாத நேரம், கற்றுத் தேர்ந்த கைகள், 'உமக்கு என்ன வேண்டும்?' என்னும் கேள்வி. அம்மூன்றில் கேள்வியையே முதலில் கொண்டு செல்வோம். விடை வரும்வரை கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருப்போம்.